இறக்கையா, ஓடுபாதையா: மியூனிக் விபத்தின் வழக்கு

1958 பிப்ரவரி 6-ஆம் தேதி, பிற்பகல் மூன்று மணி தாண்டி நான்கு நிமிடம். மியூனிக் நகரின் ரீம் விமான நிலையத்தில், ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் பாய்ந்துகொண்டிருந்த விமானத்தின் வேகமானி முதலில் 117 நாட் காட்டியது. பிறகு 112. பிறகு 105. அந்த விபத்தைப் பற்றிப் பதினோரு ஆண்டுகள் நடந்த வாதம் முழுவதும் கடைசியில் இந்த மூன்று எண்களில் வந்து நிற்கிறது. இவற்றை நம்பினால் குற்றம் ஓடுபாதையின் மேல் விழும். நம்பாவிட்டால் விமானியின் மேல்.

விமானம் பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ் நிறுவனத்தினுடையது. ஏர்ஸ்பீட் அம்பாசடர் ரகம். உயரத்தில் பொருத்திய இறக்கையும், 18 சிலிண்டர் கொண்ட இரண்டு சென்டாரஸ் பிஸ்டன் இயந்திரங்களும், மூன்று வால் துடுப்புகளும் கொண்ட அழகான புரொப்பெல்லர் விமானம். பெல்கிரேடிலிருந்து மான்செஸ்டருக்குத் தனி ஏற்பாட்டில் பறந்தது. எரிபொருள் நிரப்பிக்கொள்ள மியூனிக்கில் இறங்கியது. உள்ளே 44 பேர். முந்தின நாள் பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று சமன் செய்து, ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியினர், அதன் நிர்வாகிகள், செய்தியாளர்கள். இவர்களில் 23 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள், எட்டுப் பேர் பத்திரிகையாளர்கள். டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் உயிரோடு போராடி மாண்டார். துணை விமானி கென்னத் ரேமென்ட்டும் அடுத்த மாதம் மருத்துவமனையிலேயே இறந்துபோனார். விமான அறையிலிருந்த இரு விமானிகளில் எஞ்சியவர் கேப்டன் ஜேம்ஸ் தெயின் மட்டும். குற்றம் சாட்ட ஒருவர் வேண்டும் என்றால் உயிரோடு இருந்தவர் அவர்தான்.

கால்பந்துக்காரர்கள் இந்த விபத்தைத் தங்கள் புராணமாக்கிக்கொண்டார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் புராணத்தின் வெளிச்சத்தில், விபத்து ஏன் நடந்தது என்ற கேள்வி அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. பிரிட்டனில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், ஜெர்மானியர் ஓர் அப்பாவியைப் பலியாடாக்கினார்கள் என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக் கதையை அப்படியே விழுங்க நான் தயாரில்லை. சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க வேண்டும். தெயினுக்கு எதிரானவற்றையும் சேர்த்து.

முதலில் இயந்திரத்தை ஒதுக்கிவிடலாம். அன்று விமானம் மூன்று முறை மேலெழ முயன்றது. முதல் இரண்டு முறையும் இயந்திர அழுத்தம் ஏறி இறங்கித் தடுமாறியதால் ஓட்டத்தைக் கைவிட்டார்கள். கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேலே இருக்கும் மியூனிக் போன்ற நிலையங்களில் அம்பாசடருக்கு இது பழக்கமான கோளாறு. பயணிகள் இறங்கி நிலையக் கட்டடத்துக்குப் போனார்கள். நிறுவனத்தின் தரைப் பொறியாளர், இரவு தங்கினால் இயந்திரத்தைச் சரிசெய்து தரலாம் என்றார். வேண்டாம், விசையை மெதுவாகத் திறந்தால் போதும் என்று தெயின் முடிவெடுத்தார். மூன்றாவது ஓட்டத்திலும் 85 நாட் வேகத்தில் இடப்பக்க இயந்திரம் சற்றுத் தடுமாறியது, தெயின் விசையைக் கொஞ்சம் இழுத்து மறுபடி முன்னே தள்ளினார், அது அடங்கியது. அதன்பின் இரண்டும் முழு விசையோடு ஓடின என்பதுதான் தெயினின் வாக்குமூலம். இதில் ஒரு சிறு விளைவு மட்டும் உண்டு. விசையை மெதுவாகத் திறந்தால் வேகம் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும். ஆகவே விமானம் ஓடுபாதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கை, விரும்பியோ விரும்பாமலோ, நம்பியிருக்க வேண்டியதாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி ஜெர்மன் தரப்பின் வழக்கு. அதை அதன் வலுவான வடிவத்தில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விசாரணைத் தலைவர் ஹான்ஸ் ரைஹெல் அன்றிரவு பத்து மணி வாக்கில் விபத்து நடந்த இடத்துக்கு வந்தார். இறக்கையின் மேல் பனி கிடந்தது. அதை விலக்கிப் பார்த்தபோது அடியில் சொரசொரப்பான உறைபனிப் படலம் இருந்தது. இறக்கையின் மேற்பரப்பில் இப்படி மெல்லிய படலம் இருந்தாலே காற்றோட்டம் குலைந்து தூக்கு விசை குறையும். இது பாடநூல் செய்தி. விமானம் பனியை உருக்காமலும் துடைக்காமலும் புறப்பட்டது என்பதும் உண்மை. போதாக்குறைக்கு, புறப்படுவதற்குச் சற்று முன் எடுத்த புகைப்படம் ஒன்று பத்திரிகைகளில் வந்தது. அதில் இறக்கையின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இறக்கையைச் சுத்தமாக வைப்பது கேப்டனின் பொறுப்பு. எனவே குற்றம் கேப்டனுடையது. 1959-இல் வெளியான ஜெர்மன் அறிக்கை சொன்னது இதைத்தான்.

கேட்க ஒழுங்காக இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் ஆடுகிறது.

ரைஹெல் கண்ட உறைபனி, விபத்து நடந்து ஏறத்தாழ ஏழு மணி நேரம் கழித்துக் கண்டது. இடைப்பட்ட நேரம் முழுக்க, குளிர்ந்துபோன அந்தச் சிதைவின் மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. மாலை மூன்று மணிக்கு ஈரமாக இருந்த இறக்கை இரவில் உறைவதற்கு யாரும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்து மணிப் பனியைக் கொண்டு மாலை மூன்று மணி இறக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல, இடையே என்ன நடந்தது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். அந்தச் சான்று இருந்தது, ஆனால் எதிர்த்திசையில். இடிபாடுகளுக்கு அருகே விபத்து நடந்த சிறிது நேரத்திலேயே வந்து சேர்ந்த ஒரு ஜெர்மானியர், தாமே விமானியும் பொறியாளருமானவர், காரணம் உறைபனியாக இருக்குமோ என்ற எண்ணத்தோடே இறக்கையைப் பார்த்திருக்கிறார். உருகும் பனியைத்தான் கண்டேன், உறைந்த பனியைக் காணவில்லை என்றார். காரணத்தைத் தேடிச் சென்று, தேடியது இல்லை என்று கண்ட சாட்சி. அவரைவிடப் பொருத்தமான சாட்சி யாருக்கும் வாய்க்காது. முதல் விசாரணையில் அவரை அழைக்கவே இல்லை. என் கணக்கில் அந்த விசாரணையின் மிகப் பெரிய பிழை இதுதான். உறைபனி முடிவைவிடவும் பெரியது. முடிவு தவறலாம், மனிதர்கள்தானே. முடிவுக்கு எதிரான சாட்சியைக் கேட்காமல் விடுவது வேறு வகைக் குறை.

புகைப்படத்தின் கதை இன்னும் மோசம். பத்திரிகைகளில் வந்தது, நகல் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதி. மூல நெகட்டிவை எடுத்துப் பார்த்தபோது பனி எதுவும் இல்லை. வெள்ளையாகத் தெரிந்தது ஈரமான உலோகத்தில் பட்ட வெளிச்சத்தின் பிரதிபலிப்பு. ஒரு மனிதரின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது மூலத்தைப் பார்க்க ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்ற கேள்விக்கு எனக்கு நாகரிகமான பதில் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒரு பக்கத்துச் சான்று பலவீனம் என்பதால் மறுபக்கம் தானாக வென்றுவிடாது. ஓடுபாதையில் கிடந்த பனிச்சேறுதான் காரணம் என்கிற வாதத்தையும் அதே தராசில் ஏற்ற வேண்டும்.

அன்றைய வெப்பநிலை உறைநிலையை ஒட்டியிருந்தது. விழுந்த பனி ஓடுபாதையில் பாதி உருகி, தண்ணீருக்கும் பனிக்கும் இடைப்பட்ட சேறாகக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதன் குணம் தெரியும்: மெதுவாக நடந்தால் வழிவிடும், வேகம் கூட்டக் கூட்ட இழுக்கும். சக்கரம் தன் முன்னிருக்கும் சேற்றை விலக்கித் தள்ள வேண்டும். அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்கு. சக்கரம் வாரியிறைக்கும் சேறு விமானத்தின் அடிப்பாகத்தில் மோதுவது இன்னொரு தடை. புரொப்பெல்லர் விமானத்துக்கோ வேகம் ஏற ஏற இழுவிசை குறையும். ஆக, ஏறும் தடையும் இறங்கும் விசையும் ஏதாவது ஒரு வேகத்தில் சமமாகும். அந்த வேகம் மேலெழத் தேவையான வேகத்துக்குக் கீழே அமைந்துவிட்டால், ஓடுபாதை எத்தனை நீளமானாலும் விமானம் எழும்பாது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆனால் 1958-இல் இதை எண்களாக்கி விமானிகளின் கையில் யாரும் கொடுத்திருக்கவில்லை. பழைய வால்சக்கர விமானங்கள் இதனால் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. மூக்குச் சக்கரம் கொண்ட அம்பாசடர் போன்றவற்றின் நிலை வேறு என்பதும் அப்போது பரவலாக அறியப்படவில்லை. அமெரிக்காவில் கான்வேர் 880 ஜெட் விமானத்தைச் செயற்கைப் பனிச்சேற்றில் ஓட்டிச் சோதனை செய்தது 1960-களின் தொடக்கத்தில். பிரிட்டனின் அரசு ஆய்வுகளும் அதே காலத்தவை. அரை அங்குலத்துக்கு மேல் பனிச்சேறு இருந்தால் ஜெட் விமானங்கள் புறப்படக் கூடாது என்ற வழிகாட்டல்கள் அதற்குப் பிறகே வந்தன.

பனிச்சேற்று வாதத்துக்கு எதிராக எழுந்த நல்ல கேள்வி: அதே பிற்பகலில் அதே ஓடுபாதையிலிருந்து வேறு விமானங்கள் எழும்பிப் போயினவே? பதில் ஓடுபாதையிலேயே கிடக்கிறது. மற்ற விமானங்கள் முன்பகுதியிலேயே தரையைவிட்டு எழுந்துவிட்டன. அவற்றின் சக்கரங்களும், இதே விமானத்தின் முந்தைய இரண்டு ஓட்டங்களும் முன்பகுதிச் சேற்றைக் கலைத்து ஒதுக்கியிருந்தன. ஏறத்தாழ 1,900 மீட்டர் நீள ஓடுபாதையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் சேறு தொடப்படாமல் கிடந்தது. மெதுவாக விசை திறந்த மூன்றாம் ஓட்டம், மிக அதிக வேகத்தில், அந்தப் பகுதிக்குள்தான் நுழைந்தது.

வாதத்தின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் எழுத்தாளர்கள் அதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 117, 112, 105 என்ற எண்களுக்கு ஆதாரம் யார்? வேகமானியைப் பார்த்துக்கொண்டிருந்த தெயின். குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சி. ரேமென்ட் இறந்துவிட்டார். பதிவுக் கருவி அந்த விமானத்தில் இல்லை. இதைக் கடுமையாகக் கேட்காத திறனாய்வு திறனாய்வே அல்ல.

கேட்ட பிறகும் நான் அவரை நம்புகிறேன். இரண்டு காரணங்கள்.

பொய் சொல்ல விரும்பும் விமானி கைக்கு அருகில் இருக்கும் சாக்கைத்தான் எடுப்பான். தெயினின் கைக்கு அருகில் இயந்திரம் இருந்தது. இரண்டு முறை தடுமாறியது எல்லோருக்கும் தெரியும். பயணிகள் பார்த்தார்கள், கோபுரத்தில் பதிவாகியிருக்கிறது. மூன்றாம் முறையும் இயந்திரம் கைவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால் மறுக்க ஆளில்லை. அவரோ இயந்திரம் சரியாக ஓடியது, வேகம் மட்டும் விழுந்தது என்றார். அன்று அந்தக் கூற்று அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை; வேகம் ஏன் விழும் என்று விளக்கும் கணக்கு அப்போது யாரிடமும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துச் சோதனைத் திடல்களில் கிடைத்த விடைகளோடு, அறியாமல் சொன்ன அந்த எண்களின் போக்கு பொருந்தி வருகிறது. பின்னால் வரப்போகும் பௌதிகத்துக்கு ஏற்ற பொய்யை முன்கூட்டியே புனைவது யாராலும் ஆகிற காரியம் இல்லை.

இரண்டாவது காரணம், உறைபனி எப்படிக் கொல்கிறது என்பது. 1992-இல் நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் இறக்கைப் பனியோடு புறப்பட்ட ஃபோக்கர் எஃப்-28 விமானம் தரையைவிட்டு எழுந்தது. எழுந்த பிறகு தூக்கு விசை போதாமல் கவிழ்ந்து விழுந்தது. 1989-இல் கனடாவின் டிரைடன் நகரில் அதே ரக விமானம் தரையைவிட்டு எழுந்தும் உயரம் பிடிக்க முடியாமல் மரங்களில் மோதியது. இறக்கையில் பனி இருந்தால் பறப்பது கெடும். தரையில் வேகம் பிடிப்பது அவ்வளவாகக் கெடாது. மியூனிக் விமானமோ ஓடுபாதை முடிந்த பிறகும் எழவே இல்லை. உறைபனி மட்டுமே காரணமாக இருந்திருந்தால், இயந்திரங்கள் முழு விசையில் இருந்த நிலையில், ஓடுபாதை முடிவதற்குள் வேகம் தேவையான 119 நாட்டைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படித் தாண்டியும் எழவில்லை என்று சொல்ல, இறக்கையில் மிகக் கனமான படலம் வேண்டும். அவ்வளவு கனமான படலத்தை விமானத்தைச் சுற்றி வேலை பார்த்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை என்பதை ஏற்பது கடினம்.

அதனால் தெயின் பழுதற்றவர் என்று ஆகிவிடாது. நிறுவன விதிப்படி கேப்டன் இடப்பக்க இருக்கையில் அமர வேண்டும். போகும்போது தாம் ஓட்டியதால் திரும்பும்போது ஓட்டும் வாய்ப்பை ரேமென்ட்டுக்குக் கொடுத்து, இருக்கையையும் கொடுத்துவிட்டார். விதிமீறல்தான், ஆனால் ரேமென்ட் அனுபவம் மிக்க விமானி, இருக்கை மாறியதால் சேற்றின் தடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. இறக்கையை அவரும் ரேமென்ட்டும் பார்த்தார்கள், பனி உருகி ஓரத்தில் வடிவதைக் கண்டு போதும் என்று முடிவு செய்தார்கள். பார்வை சரியாக இருந்திருக்கலாம், முறை போதாது. ஏணி போட்டுத் தொட்டுப் பார்த்திருந்தால் பதினோரு ஆண்டு வழக்கில் பாதி அன்றே முடிந்திருக்கும். மூன்றாம் முயற்சியும் இருக்கிறது. சனிக்கிழமை லீக் ஆட்டம், ஐரோப்பியப் போட்டிகளை விரும்பாத லீக் நிர்வாகம், அணி தாமதிக்கக் கூடாது என்ற நெருக்கடி எல்லாம் பின்னணியில் இருந்தன. ஆனால் அவர் தங்க மறுத்தது இயந்திரத்தைப் பற்றிய ஒரு கணிப்பின் மேல். அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது.

இவற்றுக்கு அவர் கொடுத்த விலை அளவுக்கு மீறியது. நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பின்னர் திரும்பச் சேர்க்கவில்லை. பெர்க்‌ஷயரில் கோழிப் பண்ணை நடத்தி, 1975-இல் 53 வயதில் மாரடைப்பால் இறந்தார். இங்கேதான் ஜெர்மானியரை மட்டும் குற்றம் சொல்லும் பிரிட்டிஷ் கதை இடறுகிறது. 1960-இல் எட்கர் ஃபே தலைமையில் பிரிட்டனிலேயே ஒரு குழு கூடியது. இறக்கையைச் சோதிக்கத் தெயின் போதிய நடவடிக்கை எடுத்தாரா என்பதைச் சுற்றியே அது நின்றது, எடுக்கவில்லை என்றது. விபத்துக்கு உறைபனிதான் காரணமா என்ற கேள்வியை முதலில் கேட்காமல், விமானி கவனமாக இருந்தாரா என்ற கேள்விக்குத் தாவியது. ஆகவே வேலை நீக்கத்துக்கான நியாயம் லண்டனில் தயாரானது, மியூனிக்கில் அல்ல. பனிச்சேற்றுச் சோதனைகளுக்குப் பிறகு 1960-களின் நடுவில் ஜெர்மன் விசாரணையை மறுபடி திறந்தார்கள். அப்போதும் உறைபனியே முதன்மைக் காரணம், பனிச்சேறு துணைக் காரணம் என்றார்கள். 1968-இல் அதே ஃபே தலைமையில் மீண்டும் விசாரித்த பிரிட்டிஷ் குழு, பனிச்சேறே காரணம், உறைபனிக்கும் பங்கு இருக்கலாம் ஆனால் வாய்ப்புக் குறைவு, தெயின் மேல் பழி இல்லை என்று முடித்தது. அறிக்கை 1969-இல் வெளியானது. தம் முந்தைய முடிவை ஒரு குழுத் தலைவர் தாமே திருத்தியது அரிது, அதற்கு மதிப்புண்டு. ஆயினும் தம் நாட்டு விமானிக்குத் தம் நாட்டுக் குழு வழங்கிய விடுதலை என்ற ஐயம் எழத்தான் செய்யும். தீர்ப்பைக் குழுவின் நாட்டை வைத்து எடை போடாமல், வேகமானியின் எண்களை வைத்து எடை போட்டால் அந்த ஐயம் கரைகிறது.

என் தீர்ப்பு ஃபே குழுவின் 1969 முடிவோடு ஒத்துப்போகிறது. ஆனால் அது நின்ற இடத்தில் நான் நிற்கவில்லை. அந்தக் குழுவிடம் கேட்கப்பட்டது தெயின் மேல் பழி உண்டா என்பது. இல்லை என்று சொன்னபின், பழி எங்கே என்று சொல்லும் கடமை அதற்கு இல்லை. எனக்கு உண்டு. ஓடுபாதை மேலெழும்ப ஏற்றதா என்று சொல்வது விமான நிலைய நிர்வாகத்தின் வேலை. கடைசி மூன்றில் ஒரு பங்கில் தொடப்படாத பனிச்சேறு கிடந்த ஓடுபாதையை, அதன் அபாயம் அறியாமல், திறந்தே வைத்திருந்தது நிர்வாகம். அறியாமை அன்று பொதுவானது என்பதால் அதைக் குற்றமாக்க மாட்டேன். பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் மாட்டேன். ஓடுபாதைக்கு அப்பால் வேலி, சாலை, ஒரு வீடு, எரிபொருளோடு லாரி நிறுத்தியிருந்த மரக்கொட்டகை. வீட்டில் மோதி இறக்கை பிய்ந்தது, கொட்டகையில் மோதித் தீ வெடித்தது. வெறும் நிலமாக இருந்திருந்தால் 23 என்ற எண் சிறிதாகியிருக்கும். நிலையத்தின் அமைப்பைப் பற்றிய இந்தக் கேள்வி இறக்கையா ஓடுபாதையா என்ற சண்டையில் அமுங்கிவிட்டது.

பழியில் இன்னொரு பங்கு ஒரு விதியின் மேல் விழுகிறது. தீர்மான வேகம் என்று விமானிகள் சொல்வது அன்று 117 நாட். அதைத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்தக் கூடாது, எழுந்தே ஆக வேண்டும். அந்த வேகத்தைத் தொட்ட விமானம் மேலும் வேகம் பிடிக்கும் என்று நம்பித்தான் விதியை எழுதியிருக்கிறார்கள். தொட்டபின் வேகம் இறங்கக்கூடும் என்ற சாத்தியம் அதில் இல்லை. ரேமென்ட்டும் தெயினும் விதிப்படி நடந்தார்கள். 117-இல் நிறுத்தியிருந்தால் அந்தச் சேற்றில் பிரேக் பிடித்திருக்காது, வேலியில் மோதியிருப்பார்கள். ஆனால் குறைந்த வேகத்தில்.